டெக்கிலிருந்து தட்டுக்கு: டிவிடி ரெக்கோடர் பற்றி எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வீடியோ கசெற் ஓடும் பெட்டிக்கு டெக் என்றுதான் பெயர். இங்கும் அப்படியே எழுதுகிறேன். இருபது வருடங்களுக்கு மேல் கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு, கோயில் தேர் என்று கமராவைத் தோளில் சுமந்தவன் நான். இப்போது படம் எடுப்பதை விட்டுவிட்டேன். கொக்குவிலில் எங்கள் வீட்டு முன் விறாந்தையில் மூன்று டெக்குகளையும் இரண்டு டிவிடி ரெக்கோடர்களையும் வைத்துக்கொண்டு, அன்று எடுத்த கசெற்றுகளை டிவிடித் தட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் தேநீர் ஆறும்வரை விளக்கிச் சொல்லிக் களைத்துப் போனதால் எழுதி வைக்கிறேன்.

இந்தக் காலத்தில் போய் டிவிடி ரெக்கோடர் வாங்குவது புத்தியா?

ரிவி நிகழ்ச்சிகளைப் பதிவதற்கென்றால் வேண்டாம். அந்தக் காலம் போய்விட்டது. அலுமாரியின் அடித்தட்டில் பத்துப் பதினைந்து கசெற்றுகள் கிடக்கின்றன, கணினியோடு மல்லுக்கட்ட உங்களுக்குப் பொறுமையில்லை என்றால், அதற்கு இதைப் போல உதவும் பெட்டி வேறில்லை. டெக்கிலிருந்து மூன்று வயர்களை இழுத்துச் சொருகி, பொத்தானை அழுத்திவிட்டு நீங்கள் சமையலைப் பார்க்கலாம்.

ஆனால் சுணங்க வேண்டாம். எல்லோரும் கசெற் பழுதாகிவிடும் என்றுதான் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் முதலில் சாவது டெக். உலகில் கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 யூலையோடு அதை நிறுத்திவிட்டது. இப்போது ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் மிச்சம் மீதிதான். ரப்பர் பட்டி இளகுகிறது, பல்சக்கரம் வெடிக்கிறது, திருத்தத் தெரிந்தவர்களுக்கும் வயதாகிறது.

கணினியில் சொருகும் சின்ன யூஎஸ்பி கருவி ஒன்று மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

நல்ல கசெற்றுக்குப் போதும். பழைய கசெற்றில் படம் ஒரு கணம் நடுங்கும், ஒரு கணம் அறுபடும். அப்படி அறுபடும் இடங்களில் மலிவான கருவிகள் சில சட்டகங்களை, அதாவது அசையும் படத்தின் தனித்தனிப் படங்களை, தவறவிட்டுவிடும். ஒலி அதன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மணிநேரம் கழித்துப் பார்த்தால் ஐயர் வாயை மூடிய பிறகு மந்திரம் கேட்கிறது. ரெக்கோடருக்குள் படத்தையும் ஒலியையும் ஒன்றாகக் கட்டி எம்பெக்-2 முறையில் சுருக்குவதற்கென்றே தனி மின்சில்லு (சிப்) இருக்கிறது. இந்த வழு அதில் மிகக் குறைவு.

கணினியில் நல்ல கருவியும் தேர்ந்த கையும் சேர்ந்தால் ரெக்கோடரை விடத் தரமாக எடுக்கலாம் என்பதையும் மறைக்கக் கூடாது. அந்தக் கை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பக்கம் உங்களுக்குத் தேவையில்லை.

வீட்டில் டிவிடி பிளேயர் இருக்கிறது. அதிலேயே பதிய முடியாதா?

முடியாது. பிளேயரின் லேசருக்கு வாசிக்க மட்டும்தான் தெரியும். ரெக்கோடரின் லேசர் தட்டில் உள்ள சாயப் படையைச் சுட்டு எழுதும். பெட்டியின் முகப்பில் பதிவுப் பொத்தானும், படம் உள்ளே போவதற்கான மஞ்சள் துளையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அது ரெக்கோடர்.

லண்டனில் இருக்கும் மகன் ஒன்று அனுப்பட்டுமா என்கிறான். கனடாவில் இருக்கும் மகளிடமும் ஒன்று சும்மா கிடக்கிறதாம். எதைக் கேட்பது?

மகளின் அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள், பெட்டியை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கனடாப் பெட்டி பெரும்பாலும் 120 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டது. எங்கள் 230 வோல்ட்டில் நேரே சொருகினால் ஒரு 'டப்', அவ்வளவுதான் அதன் ஆயுள். பின்பக்கச் சீட்டில் 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் மட்டுமே தப்பும். மின்மாற்றி வாங்கி அதைச் சமாளித்தாலும் அடுத்த வில்லங்கம் காத்திருக்கிறது. இலங்கையில் படம் ஓடுவது பால் (PAL) என்ற ரிவி முறையில்: நொடிக்கு 25 சட்டகங்கள், தட்டில் ஏறும்போது 720க்கு 576 புள்ளிகள். கனடாப் பெட்டிக்கு என்.டி.எஸ்.சி முறை: நொடிக்கு ஏறக்குறைய 30 சட்டகங்கள், 720க்கு 480 புள்ளிகள். வட அமெரிக்காவில் விற்ற ரெக்கோடர்களில் பெரும்பாலானவைக்கு நம்முடைய கசெற்றிலிருந்து வரும் பால் படம் விளங்காது. திரையில் கறுப்பு வெள்ளையாக உருண்டுகொண்டே இருக்கும், அல்லது ஒன்றுமே வராது.

லண்டன் பெட்டி நல்லது. வோல்ட் பொருந்தும், பால் முறையும் பொருந்தும், சதுர ஊசி பிளக்கும் இப்போது எங்கள் புதிய வீடுகளில் பொருந்தும். ஒரு குறை உண்டு. அந்தப் பெட்டிகள் செய்த காலத்தில் அங்கே ரிவி அலைவரிசையில் ஒலி ஏறிய இடம் வேறு: படத்திலிருந்து 6 மெகாஹேர்ட்ஸ் தள்ளி. எங்களுக்கு 5.5 தள்ளி. அதனால் அன்ரனா வயரை அந்தப் பெட்டியில் சொருகினால் செய்தி வாசிப்பவர் வாயசைப்பார், சத்தம் வராது. பெட்டி பழுது என்று எத்தனையோ பேர் தூக்கி எறிந்திருக்கிறார்கள். பழுது இல்லை. மூன்று வயர்களில் டெக்கை இணைக்கும்போது இந்தச் சிக்கலே வராது.

உண்மையில் எங்களுக்கு அப்படியே பொருந்துவது ஜெர்மனி, சுவிஸ், நோர்வே, டென்மார்க், அவுஸ்திரேலியா ஆகிய இடங்களில் விற்ற பெட்டிகள்தான். எங்கள் சனம் இல்லாத இடமா அவை? மின்சாரமும் படமும் ஒலியும் ஒன்றே. பிளக்குக்கு மட்டும் ஒரு மாற்றி வேண்டும். முதல் நாள் மெனு ஜெர்மன் மொழியில் நிற்கும். அனுப்புவதற்கு முன்பே ஆங்கிலத்துக்கு மாற்றிவிடும்படி மருமகனிடம் சொல்லிவிடுங்கள்.

ஐரோப்பியப் பெட்டிகளின் பின்னால் ஸ்கார்ட் என்று 21 ஊசிகள் கொண்ட அகன்ற சொருகி இருக்கும். பயப்பட வேண்டாம். பல பெட்டிகளில் முகப்பிலுள்ள சிறு மூடியைத் திறந்தால் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் உள்ளே இருக்கும்.

எதைக் கேட்டாலும் றிமோற்றையும் சேர்த்துக் கேளுங்கள். அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

இங்கேயே பழைய பெட்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எப்படிப் பார்த்து வாங்குவது?

றிமோற் இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். ரெக்கோடரின் முகப்பில் இருப்பவை நாலைந்து பொத்தான்கள்தான். மற்றப் பெட்டிகளிலும் ஓடும்படி தட்டை முடித்துக் கட்டுவது (ஃபைனலைஸ்), பதியும் மணிநேரத்தை மாற்றுவது, படம் உள்ளே வரும் உள்வாயைத் தெரிவது எல்லாம் றிமோற்றில்தான். பொது றிமோற் சரிவரும் என்று விற்பவர் சொல்லுவார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கச் சரிவரும்.

உங்கள் கையில் ஒரு கசெற், ஒரு வெற்றுத் தட்டு, கசெற்றை ஓட்ட ஒரு டெக் இருக்க வேண்டும். கடைக்காரர் ஒரு சினிமாத் தட்டைப் போட்டு ஓட்டிக் காட்டினால் மயங்கிவிட வேண்டாம். வாசிப்பதற்கு லேசருக்குக் கொஞ்ச வலு போதும், எழுதுவதற்கு நிறைய வேண்டும். கிழண்டிய லேசர் வாசித்துக்கொண்டே இருக்கும், எழுதச் சொன்னால் கைவிரிக்கும். ஐந்து நிமிடம் பதியுங்கள், முடித்துக் கட்டுங்கள், அந்தத் தட்டை வேறொரு பிளேயரில் போட்டுப் பாருங்கள். இவ்வளவும் நடந்த பிறகு காசைக் கொடுங்கள்.

மூடியைக் கழற்றிப் பார்க்க விட்டால் இன்னும் நல்லது. எங்கள் ஊரில் பூட்டிக் கிடந்த வீட்டுப் பெட்டிகளுக்குள் எறும்புக் கூடு சாதாரணம். ஒருமுறை மின்பலகையின் மேல் இரண்டு பல்லி முட்டைகள் வரிசையாக இருந்தன. பெட்டி வேலை செய்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கசெற் போடும் வாயும் தட்டுப் போடும் வாயும் ஒரே பெட்டியில் இருக்கிறதே, அது சுகமில்லையா?

சுகம்தான். வயர் இணைக்கத் தேவையில்லை. ஒரு பொத்தானில் கசெற்றிலிருந்து தட்டுக்கு மாறிவிடும். வீட்டில் பத்துக் கசெற் மட்டும் இருக்கிறது, முடிந்ததும் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன் என்பவர்கள் அதையே வாங்கலாம்.

எனக்கு அது பிடிக்காது. உள்ளே இருக்கும் டெக் பெரும்பாலும் கடைசிக் காலத்தில் மலிவாகச் செய்தது. ஒரு பக்கம் பழுதானால் மற்றப் பக்கமும் திருத்துபவரின் வீட்டில் போய்க் கிடக்கும். பூஞ்சணம் பிடித்த கசெற் ஒன்றைப் போட்டு, நாடாவை வாசிக்கும் டெக்கின் தலை அடைத்துக்கொண்டால், ஒட்டிப் பிறந்த பெட்டியைக் கழற்றித் துடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஹார்ட் டிஸ்க் உள்ள ரெக்கோடர் என்கிறார்களே?

கிடைத்தால் விடாதீர்கள். 80, 160, 250 கிகாபைட் என்று வந்தன. கசெற்றை முதலில் ஹார்ட் டிஸ்க்கில் பதிந்து, முன்னும் பின்னும் உள்ள நீலத் திரையை வெட்டிவிட்டு, பிறகு தட்டில் வேகமாக ஏற்றலாம். பிழைத்தால் ஒரு தட்டு வீணாகாது. இரண்டு மூன்று பிரதிகளும் எடுக்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் களஞ்சியமாக நம்ப வேண்டாம். அது வழியில் தங்கும் மடம்.

தட்டு வாங்கப் போனால் கழித்தல் ஆர், கூட்டல் ஆர், ஆர்.டபிள்யூ, ராம் என்று குழப்புகிறார்கள். எதை வாங்குவது?

பெட்டியின் முகப்பில் எந்த முத்திரை இருக்கிறதோ அதை வாங்குங்கள். கழித்தலும் கூட்டலும் இருந்தால் நான் கழித்தல் ஆர் (டிவிடி-ஆர்) எடுப்பேன், பழைய பிளேயர்கள் அதிகம் முகம் சுளிக்காமல் ஏற்பது அதைத்தான். ஆர்.டபிள்யூ என்பது அழித்து அழித்து எழுதுவது. பழகுவதற்கு அதில் ஒன்று போதும். ராம் தட்டை மிகச் சில பெட்டிகளே வாசிக்கும். நீங்கள் மறந்துவிடலாம்.

ஒரு தட்டில் எத்தனை மணிநேரம் பதியலாம்? கசெற் மூன்று மணிநேரம் இருக்கிறது.

சாதாரணத் தட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட். அதில் ஒரு மணிநேரமும் பதியலாம், ஆறு மணிநேரமும் பதியலாம். ஒரு பானைச் சோற்றை எத்தனை பேருக்குப் பகிர்வது என்பதுதான் கணக்கு. எக்ஸ்.பி என்றால் ஒரு மணிநேரம், எஸ்.பி இரண்டு, எல்.பி நான்கு, ஈ.பி ஆறு, சில பெட்டிகளில் எட்டு. எஸ்.பியில் படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் அளவில் இடம் கிடைக்கும். எல்.பிக்குப் போனால் அதில் பாதி.

எல்.பியில் பதிந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டவருக்கு நான் வாயால் விளக்கவில்லை. அவருடைய கலியாணக் கசெற்றையே இரண்டு விதமாகவும் பதிந்து காட்டினேன். ஆட்கள் நாற்காலியில் இருக்கும் இடத்தில் வித்தியாசம் தெரியவில்லை. மணவறைக்கு வந்தோம். ஓமப்புகை எழும்பியது. எஸ்.பியில் புகை புகையாகவே சுருண்டு போனது. எல்.பியில் சாம்பல் நிறச் சதுரங்கள் அடுக்கடுக்காய் மேலே ஏறின, மணப்பெண்ணின் முகம் அவற்றுக்குப் பின்னால் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து சேர்ந்தது. அசைவு கூடக்கூடச் சுருக்கும் சில்லுக்கு மூச்சு வாங்கும். புகை, தண்ணீர், பட்டுச்சேலைச் சரிகை, தேரடிச் சனம், வாணவேடிக்கை. எங்கள் விசேஷங்களில் இவை இல்லாதது எது?

ஆகவே என் வழக்கம்: ஒரு தட்டுக்கு இரண்டு மணிநேரம், அதற்கு மேல் இல்லை. ஈ-180 என்ற மூன்று மணிநேரக் கசெற்றை இரண்டு தட்டாக்குவேன். தாலிகட்டு இரண்டு தட்டுக்கும் நடுவில் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்வேன். எஃப்.ஆர் என்ற முறை உங்கள் பெட்டியில் இருந்தால், கசெற் 2 மணி 20 நிமிடம் என்று சரியாகச் சொல்லிக் கொடுங்கள். அது தட்டு முழுவதையும் அளந்து பயன்படுத்தும். அந்த இருபது நிமிடத்துக்காக எல்.பிக்கு இறங்க வேண்டியதில்லை.

டெக்கை எப்படி இணைப்பது?

டெக்கின் வெளிவாயில் இருந்து ரெக்கோடரின் உள்வாய்க்கு: மஞ்சள் படம், வெள்ளையும் சிவப்பும் ஒலி. ரெக்கோடரின் வெளிவாயில் இருந்து ரிவிக்கு இன்னொரு தொகுதி. இதைத் தலைகீழாய்ச் சொருகிவிட்டுத் தொலைபேசி எடுப்பவர்களே அதிகம். பிறகு றிமோற்றில் உள்வாயை மாற்ற வேண்டும். எல்1, எல்2 அல்லது ஏவி என்று திரையில் வரும். கசெற் படம் தெரியும்வரை அழுத்துங்கள். எஸ்-வீடியோ என்ற வட்டத்துளை இரண்டு பெட்டிகளிலும் இருந்தால் மஞ்சள் வயருக்குப் பதிலாக அதைப் பாவியுங்கள், நிறத்தின் கரைகள் தெளியும். அன்ரனா வயர் வழியாக மட்டும் இணைக்க வேண்டாம்.

பழைய டெக்குகளில் ஒலிக்கு ஒரு துளைதான் இருக்கும். அதை வெள்ளையில் மட்டும் கொடுத்தால் தட்டில் இடக்காதில் மட்டுமே சத்தம் கேட்கும். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சின்ன வயர் மின்சாதனக் கடைகளில் கிடைக்கிறது.

கசெற்றின் கண்ணாடிக்குள் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. தயவுசெய்து கூடாது. அது பூஞ்சணம். கடற்காற்றும் ஈரமும் உள்ள எங்கள் ஊரில் பூட்டிய அலுமாரிக்குள் அதற்குக் குறைவே இல்லை. ஓட்டினால் அந்த வெள்ளை டெக்கின் தலையில் ஒட்டும், நாடாவைக் கீறும், அடுத்துப் போடும் நல்ல கசெற்றுக்கும் தொற்றும்.

முதலில் ஒவ்வொரு கசெற்றையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். கறுத்து மினுங்கினால் நல்லது. வெள்ளைப் பொட்டோ சிலந்திவலை போன்ற இழையோ தெரிந்தால் வேறாக வையுங்கள். வெயிலில் காயப் போடுவது நம்முடைய கைப்பழக்கம். மிளகாயைப் போல இதையும் முற்றத்தில் பரப்ப வேண்டாம், நாடா நெளிந்துவிடும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலங்களோடு இறுக்கமான பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். உலர்ந்த பூஞ்சணம் துடைத்தால் உதிரும். ஈரப் பூஞ்சணம் அப்பிக்கொள்ளும்.

பிறகு துடைக்கும் வேலை. இதற்கென்றே ஒரு கிழட்டு டெக்கைப் பலி கொடுத்திருக்கிறேன். மூடியைக் கழற்றி, நாடா ஓடும் வழியில் மெல்லிய துணியைப் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் சுற்றுவேன். மூக்கைக் கட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே இருந்துதான் செய்வேன். தலையைத் துடைக்க ஐசோபுரோப்பைல் மதுசாரமும் மான்தோல் துண்டும். பஞ்சுக்குச்சி வேண்டாம். அதன் நார் தலையின் விளிம்பில் சிக்கினால் தலை போய்விடும்.

மானிப்பாயிலிருந்து ஒரு அம்மா கொண்டுவந்த கசெற் நினைவுக்கு வருகிறது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, அடையாள அட்டையோடும் காணி உறுதியோடும் ஒரே பையில் போனதாம் அது. நாவற்குழிப் பாலத்தில் விடிய விடிய மழையில் நின்றிருக்கிறார்கள். கசெற்றின் கூடு வெடித்து, உள்ளே செம்மண் கோடு போட்டிருந்தது. நாடாவுக்கு ஒன்றுமில்லை. கூட்டை மட்டும் மாற்றினேன். ஐந்து திருகாணிகள்தான். வேறொரு பழைய சினிமாக் கசெற்றைக் கழற்றி, அதன் கூட்டுக்குள் இந்த நாடாவை வைத்துப் பூட்டினேன். கசெற் அழிந்துவிட்டது என்று முடிவெடுக்கும் முன் கூடு வேறு, நாடா வேறு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு விசேஷக் கசெற்றையே பதிவு தடைசெய்யப்பட்டது என்று ரெக்கோடர் மறுக்கிறது. ஏன்?

கடையில் விற்ற சினிமாக் கசெற்றுகளில் பிரதி எடுக்க முடியாதபடி மாக்ரோவிஷன் என்ற தடைக்குறியைப் படத்தின் மேல்விளிம்புக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத கோடுகளில் ஏற்றியிருப்பார்கள். ரெக்கோடர் அதைத் தேடும். தேய்ந்த வீட்டுக் கசெற்றில் அதே இடம் தள்ளாடினால், தடைக்குறி என்று தவறாக எண்ணிக் கதவைச் சாத்திவிடும்.

வேறொரு டெக்கில் ஓட்டிப் பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். தீராவிட்டால் நடுவில் படத்தை நிமிர்த்தி அனுப்பும் கருவி ஒன்று வேண்டும். பானசோனிக்கின் இஎஸ்10, இஎஸ்15 என்ற பழைய ரெக்கோடர்கள், பதிவதற்கு என்பதை விட, கசெற் படத்தை நிமிர்த்தி மற்றப் பெட்டிக்குக் கடத்திவிடுவதற்கே பெயர் பெற்றவை. என்னிடமுள்ள இரண்டில் ஒன்று அதைத்தான் செய்கிறது. சினிமாக் கசெற்றைக் கொண்டுவந்து இதே வித்தையைக் கேட்பவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

பதிந்துகொண்டிருக்கும்போது கறண்ட் போனால்?

1990களில் மண்ணெண்ணெயில் ஜெனரேற்றரை ஓடவிட்டு, ஊரே ஒரு முற்றத்தில் கூடிப் படம் பார்த்தவர்கள் நாங்கள். கறண்ட் போனால் 'ஓ' என்று கத்திவிட்டுக் காத்திருந்தோம். டெக் காத்திருக்கும், ரெக்கோடர் காத்திருக்காது. எழுதும் நடுவில் மின்சாரம் அறுந்தால் அந்தத் தட்டு அநேகமாகப் போய்விடும். 2022இல் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த கிழமைகளில் நான் ஒரு கசெற்றைக்கூடத் தொடவில்லை.

கணினிக்குப் பாவிக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று டெக்கையும் ரெக்கோடரையும் தாங்கும், ரிவியை அதில் சொருகாதீர்கள். மழை இருட்டினால் முடித்துக் கட்டும் வேலையைத் தொடங்க வேண்டாம்.

தட்டு எங்கள் வீட்டில் ஓடுகிறது. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் தங்கச்சியின் பிளேயரில் ஓடவில்லை. பிழை யாருடையது?

இரண்டு காரணங்களில் ஒன்று. முதலாவது, நீங்கள் தட்டை முடித்துக் கட்டவில்லை. பதிந்து முடிந்ததும் மெனுவில் ஃபைனலைஸ் என்று ஒன்று இருக்கும். சில நிமிடங்கள் எடுக்கும். புத்தகத்துக்குப் பொருளடக்கம் எழுதி அட்டை போடுவது போன்றது. அது இல்லாத தட்டை, அநேகமாகப் பதிந்த பெட்டி மட்டுமே வாசிக்கும். அந்தப் பெட்டி செத்தால் தட்டும் செத்தது போலத்தான்.

இரண்டாவது, பால் முறை. உங்கள் தட்டு பால், அவருடைய பிளேயர் என்.டி.எஸ்.சி மட்டும் விளங்குவதாக இருக்கலாம். கணினியில் போட்டால் ஓடும்.

இவற்றை விட்டுவிட்டு எல்லோரும் சந்தேகிப்பது பிராந்தியக் குறியீட்டை. இலங்கைக்கு 5, கனடாவுக்கு 1, லண்டனுக்கு 2. அது கடையில் விற்கும் சினிமாத் தட்டுகளுக்கு. வீட்டில் பதிந்த தட்டுக்குக் குறியீடு கிடையாது. அதன்மேல் பழி போட வேண்டாம்.

டிஷ் பெட்டியிலிருந்து நாடகம் பதியலாமா?

பதியலாம், அதே மூன்று வயர்கள்தான். ஆனால் ரெக்கோடரின் நேரக்கட்டுப்பாடு டிஷ் பெட்டியின் அலைவரிசையை மாற்றாது. எதைப் பதிய வேண்டுமோ அதில் நிறுத்தி, பெட்டியை அணைக்காமல் விட்டுப் போக வேண்டும். நடுவில் மாமி வந்து வேறு நாடகத்துக்கு மாற்றினால் அதுதான் பதியும்.

தட்டு எத்தனை வருடம் இருக்கும்?

சாயப் படையில் எழுதியது. வெயிலும் சூடும் அதற்கு ஆகாது. கூட்டில் நிமிர்த்தி வையுங்கள், முகப்பில் ஒட்டுத்தாள் ஒட்டாதீர்கள், நீர்மைப் பேனாவால் நடுவளையத்தில் எழுதுங்கள். இவ்வளவு செய்தாலும் தட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கணினியில் போட்டால் விஓபி என்று முடியும் பெரிய கோப்புகள் தெரியும். உங்கள் படம் அதுதான். அவற்றை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் பிரதி செய்து, ஒன்றை வெளிநாட்டிலுள்ள பிள்ளையிடம் அனுப்பிவிடுங்கள். கசெற்றையும் எறிய வேண்டாம்.

கலியாணக் கசெற்றில் முழுக்கச் சினிமாப் பாட்டுத்தான் கேட்கிறது. ஆட்களின் குரலைத் திருப்பி எடுக்க வழியுண்டா?

இந்தக் கேள்விக்கு நான் குற்றவாளிக் கூண்டில் நின்றுதான் பதில் சொல்ல வேண்டும். பாட்டுப் போட்டவர்களில் நானும் ஒருவன். அன்று அதுதான் நாகரிகம். பாட்டில்லாத கசெற்றைச் சனம் வாங்காது. ஆட்கள் இருமுவதும், கரண்டி விழும் சத்தமும், பெரியவர்கள் பேசுவதும் எங்களுக்கு இரைச்சல்.

வழி சில வேளைகளில் உண்டு. டெக்கில் ஓடும் வி.எச்.எஸ் நாடாவில் ஒலிக்கு இரண்டு இடங்கள் இருக்கலாம். ஒன்று, நாடாவின் விளிம்போடு நேராக ஓடும் சாதாரணத் தடம். எல்லாக் கசெற்றிலும் அது இருக்கும். மற்றது ஹைஃபை. அது படத்தோடு சேர்ந்து, சுழலும் தலையால், படத்துக்கு அடியில் எழுதப்படுவது. படம் எடுத்த பிறகு ஒலியை மட்டும் மாற்றும்போது விளிம்புத் தடம்தான் அழிந்து புதிதாகும். அடியில் கிடப்பதைத் தொட முடியாது, தொட்டால் படமும் போய்விடும். ஆகவே ஹைஃபை கமராவில் எடுத்த மூலக் கசெற்றின் மேல் நேரே பாட்டை ஏற்றியிருந்தால், அடியில் பழைய ஒலி அப்படியே இருக்கும். கலப்புப் பெட்டியில் போட்டுத் தொகுத்து எடுத்த பிரதியென்றால் இல்லை, அங்கே எல்லாம் ஒன்றாய்க் கரைந்துவிட்டது. சோதிக்க ஹைஃபை டெக் வேண்டும். அதில் ஒலித் தெரிவு பொத்தானை நோமலில் இருந்து ஹைஃபைக்கு மாற்றிப் பாருங்கள்.

போன வருடம் ஒரு கசெற் வந்தது. 2003இல், யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ-9 பாதை திறந்து வெளிநாட்டுச் சனம் ஊருக்கு வரத் தொடங்கிய காலத்தில் நானே எடுத்த கலியாணம். பெட்டியின் மேல் என் கையெழுத்து. கொண்டுவந்தவர் அன்றைய மணப்பெண். ஆசீர்வாதப் பகுதியில் அவருடைய அப்பப்பா தேவாரம் படித்தாராம், அதை நான் பாட்டால் மூடிவிட்டேனாம். இருபது வருடங்களாக அந்தக் கோபத்தை வைத்திருந்திருக்கிறார். இப்போது சிரித்துக்கொண்டு சொன்னார்.

டெக்கில் போட்டேன். பாட்டு அதிர்ந்தது. திரையில் கிழவர் வாயசைத்தார். ஒலித் தெரிவை மாற்றினேன். பாட்டு நின்றது. முதலில் மின்விசிறி இரைச்சல், எங்கோ ஒரு குழந்தையின் அழுகை. பிறகு கிழவர் தொண்டையைச் செருமினார். தேவாரம் உடனே வரவில்லை. சட்டைப் பையைத் தடவிவிட்டு, "பிள்ளை, என்ரை கண்ணாடியை எங்கை வச்சனீ?" என்று கேட்டார்.

அந்தப் பெண் எழும்பி ரிவிக்குக் கிட்டே வந்தார். இன்னொரு முறை என்றார். நாலு முறை பின்னோக்கிச் சுற்றினேன். ஐந்தாம் முறைதான் தட்டைப் போட்டுப் பதிவுப் பொத்தானை அழுத்தினேன், எஸ்.பியில் அல்ல, எக்ஸ்.பியில்.